ராடைக் கடைசியில் வாங்குங்கள்: ஸ்ட்ரோக்கர் என்ஜினுக்கு கனெக்டிங் ராடு தேர்ந்தெடுப்பது எப்படி

போன பங்குனியில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி பட்டறைக்கு வந்தான். கையில் அட்டைப்பெட்டி. திறந்தால் நாலு புது எச்-பீம் கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு, ஒவ்வொன்றும் எண்ணெய்த் தாளில் சுற்றி, கண்ணாடி மாதிரி பளபளவென்று. "அண்ணே, ராடு வாங்கிட்டேன். இதுக்கு ஏத்த மாதிரி கிராங்க்கைப் பண்ணிக் குடுங்க" என்றான். பழைய பெட்ரோல் ஜீப் என்ஜினை ஸ்ட்ரோக்கர் ஆக்க வேண்டும், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கைக் கூட்டி சிசியைப் பெருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. நான் மூன்று கேள்வி கேட்டேன். பிளாக்கின் உயரம் எவ்வளவு? பிஸ்டனில், ராடைக் கோக்கும் பின்னின் நடுவிலிருந்து தலை வரை எவ்வளவு? ஸ்ட்ரோக்கை எவ்வளவு கூட்டப் போகிறாய்? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. ராடுதான் கண்ணுக்குப் பிடித்த சாமான். கையில் எடுத்தால் கனம் தெரியும், படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஸ்ட்ரோக்கர் வேலையில் ராடின் நீளம் நாம் ஆசைப்பட்டு முடிவு செய்வதில்லை. மற்ற மூன்று அளவும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. அதனால் அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக, எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் ஒரு சிசி, வண்டிக்குள் வேறு சிசி என்று சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைப் பற்றியதுதான். 2019-இல் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கீழே வருவதெல்லாம் டிராக்கில், மூடிய மைதானத்தில் ஓடும் என்ஜினுக்கு. தனுஷ்கோடி ரோட்டில் அரிச்சல்முனை வரை நேராகக் கிடக்கிறதே என்று அங்கே முறுக்கிப் பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆடிக் காற்றில் அந்த ரோட்டின் மேல் மணல் ஏறிக் கிடக்கும். வேண்டாம்.

ஸ்ட்ரோக் கூடினால் என்ன ஆகிறது

ராடு மாட்டும் கிராங்க் பின், கிராங்க்கின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதன் இரண்டு மடங்கு ஸ்ட்ரோக். பின்னை 2 மிமீ வெளியே தள்ளினால் ஸ்ட்ரோக் 4 மிமீ கூடும். பிஸ்டன் மேலே 2 மிமீ கூடுதலாக ஏறும், கீழே 2 மிமீ கூடுதலாக இறங்கும். புதியவர்கள் மேலே ஏறுவதை மட்டும் நினைப்பார்கள். கீழே இறங்கும்போது பிஸ்டனின் பாவாடை, அதாவது கீழ்ப் பக்கச் சுவர், கிராங்க்கின் எதிர் எடையான கிராங்க் வெயிட்டில் இடிக்கலாம் என்பதை மறந்துவிடுவார்கள்.

இனி கணக்கு. ஒரு காகிதத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்:

பிளாக் உயரம் = ஸ்ட்ரோக்கில் பாதி + ராடு நீளம் + பிஸ்டன் பின் உயரம் + மேலே மிச்சம் விடும் இடைவெளி

பிளாக் உயரம் என்பது கிராங்க்கின் நடுக்கோட்டிலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை. ராடு நீளம் என்பது பெரிய துளையின் நடுவிலிருந்து சின்னத் துளையின் நடு வரை. முனையிலிருந்து முனைக்கு அளந்து வந்து நீளம் சொல்பவர்கள் நிறைய. அந்த எண் எதற்கும் உதவாது. பிஸ்டன் பின் உயரம் என்பது பின்னின் நடுவிலிருந்து பிஸ்டனின் தட்டையான தலை வரை.

உண்மையான எண்களில் போட்டுப் பார்ப்போம். உலகத்தில் அதிகம் கட்டப்பட்ட ஸ்ட்ரோக்கர் என்றால் செவர்லேயின் 350 வி8 பிளாக்கில் கட்டும் 383-ஐத்தான் சொல்வார்கள். அந்த என்ஜின் நம் ஊரில் கிடையாது. ஆனாலும் கணக்கு கற்க அதைவிட நல்ல பாடம் கிடையாது, ஏனென்றால் எல்லா அளவும் எல்லோருக்கும் தெரிந்தது.

350-இன் பிளாக் உயரம் 229.2 மிமீ. ஸ்ட்ரோக் 88.4, அதில் பாதி 44.2. ராடு 144.8. பிஸ்டன் பின் உயரம் 39.6. மூன்றையும் கூட்டினால் 228.6. மேல்தளத்துக்குக் கீழே 0.6 மிமீ மிச்சம். கம்பெனி அப்படித்தான் விட்டது.

இப்போது அதே குடும்பத்து 400 என்ஜினின் கிராங்க்கை, பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் பகுதியான மெயின் ஜர்னலைக் கடைந்து சிறிதாக்கி, உள்ளே போடுகிறார்கள். ஸ்ட்ரோக் 95.25, பாதி 47.6. பழைய ராடும் பழைய பிஸ்டனும் அப்படியே என்றால் 47.6 + 144.8 + 39.6 = 232.0. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே 2.8 மிமீ நீட்டிக்கொண்டு நிற்கும். ஹெட்டை முட்டும்.

இங்கே மூன்று வழி. ஒன்று, ராடைக் குட்டையாக்குவது. 400-இன் சொந்த ராடு 141.4 மிமீ. அதைப் போட்டால் கூட்டுத்தொகை பழையபடி 228.6-க்கு வந்துவிடும், பழைய பிஸ்டனே போதும். கையில் காசில்லாத காலத்தில் இப்படித்தான் கட்டினார்கள். இரண்டாவது, 144.8 ராடையே வைத்துக்கொண்டு, பின் உயரம் 36 மிமீ சொச்சத்தில் உள்ள பிஸ்டனை வாங்குவது. மூன்றாவது, ராடை 152.4-க்கு நீட்டிவிட்டு, பின் உயரத்தை 29 மிமீக்கு அருகில் இறக்குவது.

ஒரே பிளாக், ஒரே கிராங்க். மூன்று நீளத்து ராடும் பொருந்துகிறது, ஒவ்வொன்றுக்கும் பிஸ்டன்தான் மாறுகிறது. "இந்த என்ஜினுக்கு எந்த ராடு?" என்று கேட்டால் நான் "எந்த பிஸ்டன்?" என்று திருப்பிக் கேட்பது இதனால்தான். பிஸ்டன் கிடைக்காத நீளத்தில் ராடு வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும்.

நீளமா, குட்டையா

ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் வருவது ராடு விகிதம். 350-க்கு 1.64. 383-இல் குட்டை ராடு போட்டால் 1.48, நடுத்தரம் 1.52, நீளம் 1.60.

விகிதம் குறைந்தால் ராடு அதிகமாகச் சாயும். சாய்ந்த ராடு பிஸ்டனைப் பக்கவாட்டில் சுவரோடு சேர்த்து அழுத்தும். பிஸ்டன் பாவாடையும் சிலிண்டரின் உள்துளையான போரும் சீக்கிரம் தேயும், உராய்வு கூடும். வள்ளத்தைத் துடுப்பால் தள்ளும்போது துடுப்பை நேராகப் பிடித்தால் முன்னே போகும், சாய்த்துப் பிடித்தால் பாதி பலம் பக்கத்தில் போகும். அதே சங்கதி.

அப்படியானால் நீளம்தான் நல்லதா? ஓரளவு வரை. ராடு நீள நீள, பிஸ்டனில் பின் மேலே ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பின்னின் துளை ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்தை வெட்டிவிடும். அங்கே ரிங்குக்கு அடியில் தனியாக ஒரு தாங்கு வளையம் போட வேண்டும். ரிங்குகள் நெருங்கி, பிஸ்டனின் தலை மெலிந்து, சூடு தாங்குவது குறையும். இன்னொரு பக்கம், நீள ராடு பிஸ்டனைக் கிராங்க் வெயிட்டிலிருந்து தள்ளி வைக்கும், பிஸ்டனும் எடை குறையும். இவை உண்மையான லாபம்.

என் அனுபவத்தில் முதல் என்ஜின் கட்டுபவர் விகிதத்தில் 0.08 ஏற்றுவதற்காக மெனக்கெடத் தேவையில்லை. 1.5-க்கு மேல் வந்தால் போதும். ரிங்குகளுக்கு ஒழுங்கான இடம் உள்ள, கடையில் கிடைக்கிற பிஸ்டனை எடுங்கள். அதற்கு எந்த ராடு வருகிறதோ அதுதான் உங்கள் ராடு.

ராடு எப்போது உடைகிறது

இது எல்லோரும் தப்பாக நினைக்கும் இடம். வெடிப்பு அழுத்தம் மேலிருந்து அடிக்கும்போது ராடு உடையும் என்று நினைப்பார்கள். அது அமுக்கும் பலம். எஃகு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். ராடு பெரும்பாலும் போவது இழுபடும்போது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் வேகமாக மேலே வந்து சட்டென்று நின்று திரும்ப வேண்டும். மேலே காற்று அழுத்தம் எதுவும் மெத்தை மாதிரி தாங்காது. பிஸ்டன் மேலேயே போகப் பார்க்கும், ராடு அதைப் பிடித்துக் கீழே இழுக்கும். அந்த இழுப்பு முழுவதும், பெரிய துளையின் கீழ்ப் பாதியான கேப்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் வந்து விழும்.

அந்த இழுப்பு எவ்வளவு? பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 88.4 ஸ்ட்ரோக், 144.8 ராடு, 6,000 ஆர்பிஎம். இழுப்பு சுமார் 1,390 கிலோ. ஸ்ட்ரோக்கை 95.25 ஆக்கினால் சுமார் 1,530 கிலோ. அதே ஸ்ட்ரோக்கர் என்ஜினை 6,500 வரை முறுக்கினால் சுமார் 1,790 கிலோ. அரைக் கிலோ சாமான், ஒரு காரின் எடைக்கு மேல் இழுக்கிறது.

இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரோக் கூட்டியதால் ஏறியது 140 கிலோ. 500 ஆர்பிஎம் கூட்டியதால் ஏறியது 260 கிலோ. ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுப்பு ஏறும். அதனால் ராடின் பலத்தை முடிவு செய்வதற்கு முன், இந்த என்ஜின் அதிகபட்சம் எவ்வளவு சுற்றும் என்று நேர்மையாக ஒரு எண்ணை எழுதுங்கள். ஸ்ட்ரோக்கரின் அழகே கீழ் ஆர்பிஎம்மில் வரும் இழுவை. அதைக் கட்டிவிட்டு மேல் ஆர்பிஎம்மில் முறுக்குவதில் அர்த்தம் இல்லை.

எந்த எஃகு, எந்த வடிவம்

நல்ல ஸ்ட்ரோக்கர் ராடுகளில் பெரும்பாலானவை 4340 எஃகில் அடித்துச் செய்தவை. நம் லேத் பட்டறைகளில் இஎன் 24 என்று சொல்வது கிட்டத்தட்ட இதே ஜாதிதான். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்தது. திரும்பத் திரும்ப இழுபட்டு வரும் சோர்வைச் சாதாரண இஎன் 8-ஐ விட நன்றாகத் தாங்கும். ஆனால் எஃகின் பெயர் மட்டும் போதாது. அடித்துச் செய்ததா, கடைந்த பிறகு சூட்டுப் பதம் ஒழுங்காகக் கொடுத்ததா, மேற்பரப்பை ஷாட் பீனிங், அதாவது சின்னக் குண்டுகளால் அடித்து இறுக்கும் வேலை, செய்ததா என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

தண்டின் குறுக்குவெட்டு ஐ எழுத்து மாதிரியா எச் எழுத்து மாதிரியா, அதாவது ஐ-பீமா எச்-பீமா என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஸ்ட்ரோக்கருக்கு நான் பார்ப்பது ராடின் தோள்பட்டையை, அதாவது போல்ட் தலை உட்காரும் இடத்தை. ஸ்ட்ரோக் கூடியதும் அந்தத் தோள்தான் பிளாக்கின் உள் ஓரத்திலும் கேம் ஷாஃப்டிலும் இடிக்கும். நட்டு போட்ட பழைய வகையை விட, கேப்பிலிருந்து நேராக ராடுக்குள் திருகும் போல்ட் உள்ள வகை அங்கே இடம் விடும்.

புதுக் கார்களில் வரும் ராடுகள் பல தூள் உலோகத்தில் செய்து, கேப்பை வெட்டாமல் உடைத்துப் பிரித்தவை. உடைந்த முகம் மேடும் பள்ளமுமாக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஒரு ராடின் கேப்பை இன்னொன்றில் போட முடியாது, முகத்தைக் கடைந்து சரிசெய்யவும் முடியாது. அலுமினியம் ராடு டிராக் ஓட்டத்துக்கு மட்டும், அதுவும் கணக்கு வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டைட்டானியம் நமக்கு இப்போது பேச்சே வேண்டாம்.

போல்ட்டும் உப்பும்

ராடு நல்லதாக இருந்து போல்ட் மட்டமாக இருந்தால் ராடும் மட்டம்தான். இழுப்பு முழுக்கப் போல்ட்டில் என்று மேலே சொன்னேன். 8740 எஃகு போல்ட் சாதாரண ஸ்ட்ரோக்கருக்குப் போதும். ஏஆர்பி 2000 அதற்கு ஒரு படி மேலே, கொஞ்சம் கூடுதல் காசுக்கு நிம்மதி. அதற்கும் மேலே எல்19 என்று ஒரு வகை உண்டு. பலம் அதிகம். ஆனால் நம் கடற்கரையில் முதல் என்ஜின் கட்டுபவர் கையில் அதைக் கொடுக்க மாட்டேன். ஈரம் பட்டால், விரல் வியர்வை பட்டால்கூட, அந்த எஃகில் உள்ளுக்குள் விரிசல் விழத் தொடங்கும். எண்ணெய் பூசியே கையாள வேண்டும், எண்ணெயிலேயே வைத்திருக்க வேண்டும். மண்டபம் ஊரில் காலையில் துடைத்து வைத்த ஸ்பேனர் சாயங்காலம் பிசுபிசு என்று இருக்கும். அப்படிப்பட்ட காற்றில் அந்தப் போல்ட் வேண்டாம்.

போல்ட்டை முறுக்குவது பற்றி. டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, அளக்கும் டார்க் ரெஞ்சு மட்டும் போதாது. மரையில் எண்ணெய் இருக்கிறதா, கிரீஸ் இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்து அதே டார்க்கில் போல்ட் வேறு வேறு அளவு இழுபடும். சரியான வழி, போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று அளப்பது. போல்ட்டின் இரண்டு முனையிலும் சின்னக் குழி இருக்கும். நீட்சி கேஜின் கூர்முனைகளை அந்தக் குழிகளில் உட்கார வைத்து, டயலை சுழியில் நிறுத்தி, முறுக்க ஆரம்பிக்க வேண்டும். முள் மெதுவாக நகரும். பல ராடு போல்ட்டுகளுக்கு 0.13 முதல் 0.15 மிமீ வரை நீட்சி கேட்பார்கள். உங்கள் பெட்டிக்குள் உள்ள தாளில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு வேதம். முறுக்குவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் எழுதி வையுங்கள். பிறகு எப்போது கழற்றினாலும் திரும்ப அளக்கணும். 0.025 மிமீ நிரந்தரமாக நீண்டிருந்தால் அந்தப் போல்ட் முடிந்துபோனது.

இன்னொன்று. பழைய ராடில் போல்ட்டை மட்டும் மாற்றினால் பெரிய துளையின் வட்டம் கெட்டுவிடும். புதுப் போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கி, துளையை அளந்து, தேவைப்பட்டால் திரும்பச் சரி செய்த பிறகுதான் பேரிங் போட வேண்டும்.

உப்பு போல்ட்டோடு நிற்காது. எனக்கே நடந்தது இது. ஒரு செட் நல்ல ராடை அளந்து முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் எண்ணெய் பூசாமல் அலமாரியில் வைத்தேன். அப்புறம் ஒரு படகு வேலை வந்து, ராடுகளை மறந்தே போனேன். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது மேலே மெல்லிய காவி நிறம். துணியால் துடைத்ததும் போய்விட்டது. அப்படியே போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றும். விளக்கை ஓரமாகச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு ராடின் தண்டில், தோளுக்குச் சற்று மேலே, மிளகாய் விதையை விடச் சின்னதாக மூன்று குழி. நகத்தை மெதுவாக இழுத்தால் அங்கே மட்டும் தட்டியது. இழுபட்டு இழுபட்டுச் சோர்ந்து உடையும் ராடு இப்படிப்பட்ட குழியிலிருந்துதான் உடையத் தொடங்கும். அந்த ராடை ஒதுக்கி வைத்தேன். ஒற்றை ராடு கிடைக்காது, அதனால் செட்டே போயிற்று. வாடிக்கையாளருக்கு என் காசில் வேறு செட் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அளந்து முடித்த உடனே எண்ணெய், அப்புறம் துருத் தடுப்புத் தாள், அதன் மேல் காற்றுப் புகாத பை. கைகழுவப் போவதும் அதற்குப் பிறகுதான்.

பழைய ராடு வாங்கும்போதும் இதே நகச் சோதனை. அதோடு வளைவும் பார்க்க வேண்டும். படகு வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நிறுத்தி வைத்த படகில் புகைக்குழாய் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி சிலிண்டருக்குள் நிற்கும். தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால், தண்ணீர் அமுங்காது, ராடு வளையும். பல நேரம் கண்ணுக்குத் தெரியாத வளைவு. என்ஜின் ஓடக்கூடச் செய்யும், ஆனால் பேரிங் ஒரு ஓரமாகத் தேய்ந்துகொண்டே போகும். பெரிய துளையிலும் சின்னத் துளையிலும் சரியான தண்டு செருகி, இரண்டும் இணையாக இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்க வேண்டும். விரிசலுக்கு காந்தச் சோதனை, அது இல்லாத இடத்தில் சாயம் தடவிப் பார்ப்பது. படகு என்ஜினிலிருந்து வந்த ராடு, தண்ணீர் குடித்த வரலாறு தெரியாதது என்றால் ஸ்ட்ரோக்கருக்கு நான் தொடுவதில்லை.

பிளாக்குக்குள் இடம் இருக்கிறதா

ராடு வாங்குவதற்கு முன் இதைப் பார்க்க முடிந்தால் சிறப்பு. யாரிடமாவது அதே ராடில் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு பழைய பேரிங்கோடு கிராங்க்கில் மாட்டி, பிஸ்டனோடு சேர்த்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கையால் சுற்றிப் பாருங்கள். ராடு போல்ட்டின் தோள், பிளாக்கின் கீழ் ஓரம், கேம் ஷாஃப்ட், ஆயில் பேன், பிஸ்டன் பாவாடை எல்லா இடமும். சந்தேகமுள்ள இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒரு துளி ஒட்டிவிட்டுச் சுற்றி, பிறகு அதை வெட்டி அளந்தால் இடைவெளி தெரியும். 1.5 மிமீக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பிளாக்கைத் தேயுங்கள், ராடைத் தேய்க்க வேண்டாம். ஒரு சிலிண்டரில் போதும் என்று விடவும் கூடாது. வார்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

ஆர்எக்ஸ் கட்டுகிறவர்களுக்கு

நம் பக்கத்தில் ஸ்ட்ரோக்கர் என்றால் பாதிப் பேருக்கு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்தான் நினைவுக்கு வரும். போரின் விட்டம் 50 மிமீ, ஸ்ட்ரோக் 50, 98 சிசி. ஸ்ட்ரோக்கை 54 ஆக்கினால் 106 சிசி. இங்கே கேப்பும் இல்லை, போல்ட்டும் இல்லை. பெரிய துளை ஒரே துண்டு, உள்ளே ஊசி பேரிங், கிராங்க்கைப் பிரித்து பிரஸ்ஸில் அழுத்தி மாட்டுவது. அதனால் ராடு, பின், பேரிங், வாஷர் நான்கும் ஒரே செட்டாக வாங்குங்கள். ஒன்றிலிருந்து பின், இன்னொன்றிலிருந்து ராடு என்று கலக்காதீர்கள்.

கணக்கு அதேதான். 4 மிமீ கூட்டினால் பிஸ்டன் 2 மிமீ மேலே வரும், அதே ராடு என்றால் பிளாக்குக்கு அடியில் 2 மிமீ தகடு. ராடும் 5 மிமீ நீளம் என்றால் 7 மிமீ தகடு. ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரில் உள்ள திறப்புகளான போர்ட்டுகள் எப்போது திறக்கின்றன என்பதே உயிர். ஸ்ட்ரோக் நீண்டதும் போர்ட்டுகள் முன்னதாகத் திறந்து அதிக நேரம் திறந்தே இருக்கும். கிராங்க் சுற்றும் கோணத்தைக் காட்டும் டிகிரி வட்டு மாட்டி அளக்காமல் தகடு போட்டுவிட்டு "கீழே இழுவையே இல்லை" என்று வருபவர்கள் பலர். கிராங்க்கை அழுத்தி மாட்டிய பிறகு இரண்டு பக்கத் தண்டும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று டயல் வைத்துப் பார்ப்பதும் கட்டாயம். இதைச் செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரி செய்ய நல்ல கை வேண்டும். தெரிந்த லேத் அண்ணனிடமே விடுங்கள்.

பெட்டி வந்ததும்

புதுச் சாமான் என்று நம்பி மாட்டாதீர்கள். இதைச் செய்யுங்கள்.

கேப்பைக் கழற்றாமல் முதலில் எண் பாருங்கள். ராடிலும் கேப்பிலும் ஒரே எண் ஒரே பக்கம் இருக்க வேண்டும். பிறகு கழற்றிக் கழுவி, பேரிங் இல்லாமல் கேப்பை மாட்டி முறுக்கி, பெரிய துளையை போர் கேஜில் மூன்று திசையில் அளக்க வேண்டும். அடுத்து பேரிங்கோடு மாட்டி அளந்து, கிராங்க் பின்னின் அளவைக் கழிக்க வேண்டும். ஷெல் பேரிங்குக்கு ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய, நம்பகமான கணக்கு. 50 மிமீ ஜர்னல் என்றால் 0.05 மிமீ. நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையான பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்ப்பது சரிபார்க்க உதவும், மைக்ரோமீட்டருக்குப் பதிலாகாது.

ராடின் ஒரு முகத்தில் விளிம்பு நன்றாகச் சாய்த்து வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் கிராங்க் பின்னின் ஓரத்தில் உள்ள வளைவைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் பேரிங் ஓரம் கிராங்க்கின் வளைவில் ஏறி அரைக்கும். வி8-இல் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும்.

எடையும் பார்க்க வேண்டும். மொத்த எடை ஒன்றாக இருந்தால் போதாது. சின்ன முனையைத் தொங்கவிட்டுப் பெரிய முனையை மட்டும் தராசில் வைத்து ஒரு எடை, திருப்பி ஒரு எடை. ஒரு செட்டுக்குள் ஒவ்வொரு முனையும் ஒன்றிரண்டு கிராமுக்குள் இருக்க வேண்டும். இந்த எண்களைக் கிராங்க் பேலன்ஸ் பண்ணுகிறவரிடம் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரோக்கர் கிராங்க்கை பேலன்ஸ் பண்ணாமல் மாட்டினால், நல்ல ராடு போட்டும் பிரயோஜனம் இல்லை.

எப்போது பட்டறைக்குப் போவது

இது நம் கடற்கரைக்கு மட்டுமான விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் பக்கத்து படகு என்ஜின்கள் அப்போதுதான் திறக்கப்படும். போர் போடுவது, கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத் பட்டறைகளில் வரிசையில் நிற்கும். கடலுக்குப் போகிறவர்களின் வருஷப் பிழைப்பு அந்த வேலையில் இருக்கிறது, அவர்கள் வேலைதான் முதலில். உங்கள் ஸ்ட்ரோக்கர் கிராங்க்கை அந்த இரண்டு மாதத்தில் கொண்டு போய் அவசரப்படுத்தினால், அவசர வேலைதான் கிடைக்கும். ஆவணிக்குப் பிறகு போங்கள். அதற்குள் பிளாக்கை அளந்து, பிஸ்டன் தேடி, கணக்கை முடித்து வைக்கலாம்.

தங்கச்சிமடத்துத் தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். அவன் ராடுகளைத் திரும்ப எண்ணெய் பூசிக் கட்டிவிட்டு, பிளாக்கைக் கொண்டு வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து அளந்தோம். அவன் ஆசைப்பட்ட ஸ்ட்ரோக்குக்கு அந்த ராடு 2 மிமீ நீளம். பின் உயரம் 2 மிமீ குறைந்த பிஸ்டன் அவன் போருக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. ஸ்ட்ரோக்கை 4 மிமீ குறைத்துக்கொண்டால் கடையில் கிடைக்கும் பிஸ்டனே பொருந்தியது. ஒரு நாள் யோசித்துவிட்டு வந்து, "குறைச்சுக்குவோம்ணே" என்றான். கிராங்க் இப்போது கிரைண்டிங்கில் இருக்கிறது.

ஓட்ட ஆரம்பித்ததும் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். ஃபில்டரை வெட்டித் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். கருப்பு அழுக்கு இருந்தால் பரவாயில்லை. செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங் மேல்பூச்சு போய்விட்டது. அன்றே என்ஜினை நிறுத்திவிட்டு, ஆயில் பேனைக் கழற்றி ராடு கேப்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.